படியின் அகலம்

எங்கள் எதிர் வீட்டு மாமியின் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. பம்பாய் மாதுங்காவில் அந்தக் கட்டிடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் ஒருவரும் கிடையாது. கணவருக்கு ரெயில்வேயில் கணக்குப் பிரிவில் வேலை. அதனால் ரெயில்வே மாமி. அவள் காதுக்கு எட்டாத இடத்தில் 'அந்த வாய்' என்பார்கள். "கல்யாணத்துக்கு அந்த வாயும் வரப் போறதா? அப்போ நான் வரலை."

அறுபதுகளின் ஆரம்பத்தில் நான் பாலக்காட்டிலிருந்து வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். கோட்டைப் பகுதியில் ஓர் ஆர்க்கிடெக்டின் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. வந்த முதல் வாரமே மாமி மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.

"அம்பி, நீ குறட்டை விடறே. சுவரைத் தாண்டி எங்காத்துக்குக் கேக்கறது. மூக்குல என்னவோ அடைப்பு. டாக்டர்கிட்டே காட்டு."

ஊரிலிருந்து வந்த புதுப் பையனிடம், கீழே பால்காரன் நின்றுகொண்டிருக்கும்போது, இப்படியா சொல்வார்கள்? எனக்குக் காது மடல் எரிந்தது. ஆனால் டாக்டரிடம் போனேன். மூக்கில் சதை வளர்ந்திருந்தது.

மாமி கோபக்காரி அல்ல. வம்புக்காரியும் அல்ல, ஒரு வீட்டு விஷயத்தை இன்னொரு வீட்டில் போய்ச் சொல்ல மாட்டாள். சொல்ல வேண்டியதை அந்த ஆளிடமே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுவாள். அதுதான் கஷ்டம். பத்துப் பேர் ஒன்றைப் பார்ப்பார்கள், பத்துப் பேரும் மனசுக்குள் ஒன்றையே நினைப்பார்கள், நினைத்ததை விழுங்கிவிட்டு வேறு எதையோ பேசுவார்கள். மாமி மட்டும் விழுங்காமல் அந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நிற்பாள். "வாய்விட்டுச் சொன்னா வாய் அழுகிடாது" என்பது அவள் அடிக்கடி சொல்வது.

அக்காவின் கணவர் அத்திம்பேரின் தங்கையைப் பெண் பார்க்க வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மாப்பிள்ளையின் சித்தப்பா செம்பூரில் அவர்கள் இருக்கும் வீட்டைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். மொஸைக் தரை, கிழக்குப் பார்த்த ஜன்னல், மாமரக் காற்று. எல்லாரும் சொஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினோம். மாமி கேட்டாள்:

"கக்கூஸ் எங்கே இருக்கு?"

அறையில் ஸ்பூன் சத்தம் நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சித்தப்பா சிரிக்க முயன்றார். "இருக்கு மாமி. எல்லா சௌகரியமும் இருக்கு."

"இருக்கும். ஆத்துக்குள்ளேயா, வெளியிலேயா? வரப்போறது சின்னப் பொண்ணு. அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

பதில் சொன்னது மாப்பிள்ளைதான். அதுவரை வாயே திறக்காதவர். "வெளியிலே, மாமி. தாழ்வாரத்துக் கோடியிலே. மாடியிலே இருக்கற எல்லாருக்கும் சேர்த்து ரெண்டுதான்."

சித்தப்பாவின் முகம் கறுத்துவிட்டது. சம்பந்தம் அதோடு போயிற்று என்றே நினைத்தோம். ஆனால் அன்று சாயங்காலம் பெண் அக்காவிடம் சொன்னாள்: "கேட்டவுடனே உண்மையைச் சொன்னாரே மன்னி. எனக்குச் சம்மதம்." கல்யாணம் நடந்தது. மாமிக்கு முதலில் பத்திரிகை வைத்தவர்கள் அவர்கள்தான்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்ததில்லை. அவளால் பேச்சு அறுந்துபோன வீடுகள் எங்கள் தெருவில் இருந்தன. மாமியின் கணவர் ஒடிசலான மனிதர். காலையில் குடையும் டிபன் டப்பாவுமாகக் கிளம்பி, சாயங்காலம் அதே இரண்டோடும் திரும்புவார். யாராவது அவரிடம் மனைவியைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவ சொன்னது தப்பா இருந்ததோ?" என்று கேட்பார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார். குறை சொல்ல வந்தவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

*

பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு கட்டிடம் எழும்பியிருந்தது. வெளியிலிருந்து பார்க்க ஜோராக இருக்கும். வளைந்த பால்கனி, ரோஸ் வர்ணம். அதில் மூன்றாவது மாடியில் பாங்கில் பெரிய வேலையிலிருந்து ரிடையரான ஒருவர் இருந்தார். மரியாதைப்பட்ட மனிதர். கோயில் கமிட்டியில் இருந்தவர். ஒரு மழைக்காலக் காலையில் அவர் போய்விட்டார்.

தெருவே திரண்டு கீழே நின்றது. பாடை தயாராகத் தரையில் கிடந்தது. மேலேயிருந்து கொண்டுவர நேரமாயிற்று. படிக்கட்டில் குரல்கள் கேட்டன. "மெதுவா, மெதுவா." "இந்தப் பக்கம் சாய்." "சுவர் இடிக்கறது." அப்புறம் வந்தார்கள்.

அவரை நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். மார்பைச் சுற்றி வேஷ்டியால் நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்தது. தலை நிற்காமல் ஒரு பக்கம் தொங்க, பெரிய பையன் அதைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு பின்னோக்கி இறங்கி வந்தான். அப்பாவின் நெற்றியில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

நாங்கள் எல்லாரும் பார்த்தோம். எல்லாரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டோம். மழை தூறிக்கொண்டிருந்தது.

"மனுஷனை இப்படியா இறக்கறது?" மாமியின் குரல். கரகரப்பான குரல் அவளுக்கு. மெதுவாகப் பேசினாலே எட்டு வீட்டுக்குக் கேட்கும். "மூட்டை மாதிரி கட்டி, நெத்தியைச் சுவத்துல தேச்சு? இத்தனை பணம் போட்டுக் கட்டினானே, செத்தவன் படுத்துண்டு எறங்க ஒரு படி கட்ட மாட்டானா?"

பெரிய பையன் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தை நான் மறக்கவில்லை. "போயிடுங்கோ மாமி," என்றான். "இனிமே எங்காத்து வாசலை மிதிக்காதீங்கோ."

யாரோ மாமியின் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அன்று தெரு முழுவதும் அவளைத் திட்டியது. அக்காகூட, "இந்தத் தடவை நான் மாமி பக்கம் பேச மாட்டேன். துக்கத்துல நிக்கற குழந்தைகிட்டே பேசற பேச்சா?" என்றாள். அக்கா சொன்னது நியாயம்தான். ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது அத்திம்பேர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. எங்கள் எல்லார் கண்ணிலும் அந்தச் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மாமி எங்கள் கதவைத் தட்டினாள். என்னைத்தான் தேடி வந்திருந்தாள்.

"அம்பி, நீதானே இந்த மாதிரி படியெல்லாம் வரையறவன்?"

"அந்தக் கட்டிடம் எங்க ஆபீஸ் இல்லை மாமி."

"யார் ஆபீஸோ. எவ்வளவு அகலம் வேணும்னு சட்டம் ஒண்ணும் கிடையாதா?"

இருந்தது. அந்தப் படி சட்டத்துக்கு உட்பட்டதுதான். அதைச் சொன்னேன். மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்போ சட்டத்துல செத்தவனே கிடையாது," என்றாள்.

*

சில மாதம் கழித்து எங்கள் கட்டிடத்தையே இடித்துப் புதிதாகக் கட்டுகிற காலம் வந்தது. பக்கத்துக் காலி மனையில் கட்டிடத்தின் சொந்தக்காரர் நான்கு மாடிக்கு ஒன்று கட்டப் போகிறார், நாங்களெல்லாம் அதற்குக் குடிமாறியபின் பழையதை இடித்துவிடுவார்கள் என்று ஏற்பாடு. பிளான் போட்டது என் ஆபீஸ். வரைந்தது நான். இது மாதிரிக் கட்டிடங்கள் வட்டாரத்தில் வரிசையாக வர இருந்ததால், இனிமேல் எழும்புகிறவை எப்படி இருக்க வேண்டும் என்று விதிகள் செய்வதற்கு முன் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்கிறோம் என்று முனிசிபல் வார்டு ஆபீஸிலிருந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட ஹாலில்.

நம்மையும் கேட்கிறார்களே என்று எல்லாருக்கும் உற்சாகம். ஹால் நிரம்பி வழிந்தது. மேடையில் வார்டு அதிகாரி ஒரு மராட்டியர், சாந்தமான முகம். பக்கத்தில் என் முதலாளி. நாங்கள் அவரை சாஹிப் என்போம். சுவரில் என் வரைபடங்களை மாட்டியிருந்தோம். தமிழில் பேசுவதை இங்கிலீஷில் சொல்ல ஒரு ரிடையரான புரொபசர்.

முதலில் அவரே ஆரம்பித்தார்: எந்தக் கட்டிடமும் கோயில் கோபுரத்தைவிட உயரக் கூடாது. கைதட்டல். சங்கீத சபாக் காரியதரிசி, முகப்பில் தாமரை வேலைப்பாடு கட்டாயம் என்றார். அத்திம்பேர் எழுந்து, பால்கனிக் கம்பி வடாம் உலர்த்தத் தோதாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு வர்ணம். எல்லாக் கட்டிடத்துக்கும் ஒரே வர்ணம் என்பதில் ஒற்றுமை இருந்தது. அது க்ரீமா இளம் பச்சையா என்பதில் சபை இரண்டாகப் பிளந்தது. ஒருவர் பச்சைக்காகக் கண் கலங்கினார். அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து மாமி எழுந்து முன்னால் வந்தாள். ஹாலில் ஒரு முனகல் ஓடியது. கரும்பலகைக்குக் கீழே கிடந்த சாக்குக்கட்டியை எடுத்தாள். நேரே என்னிடம் நீட்டினாள்.

"அம்பி, சுவத்துல மாட்டியிருக்கியே, அந்தப் படியைத் தரையிலே போடு. நிஜ அளவுல. மாடி திரும்பற இடத்தையும் சேத்து."

நான் சாஹிப்பைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. என்ன என்று புருவத்தை உயர்த்தினார். புரொபசர் சொன்னார். சாஹிப்பின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. வேலைக்குச் சேர்ந்து எனக்கு முழுசாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஹால் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'முடியாது' என்று சொல்வதற்கு ஒரு காரணம் தேடினேன். வரைந்தது சரியான படியென்றால் தரையில் போடுவதற்கு என்ன பயம்?

மண்டியிட்டுப் போட்டேன். இரண்டு கோடு, திருப்பம், மறுபடி இரண்டு கோடு. காகிதத்தில் விசாலமாகத் தெரிந்தது தரையில் ஒரு சந்துபோல இருந்தது.

மாமி ஒரு நீளப் பெஞ்சைக் கோடுகளுக்கு நடுவே இழுத்துப் போடச் சொன்னாள். பெஞ்சு வந்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பிறகு, அத்தனை ஆண்களும் பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெஞ்சில் ஏறி மல்லாந்து படுத்துக் கையை மார்பில் கட்டிக்கொண்டாள்.

"நான் செத்துட்டேன்," என்றாள் கூரையைப் பார்த்து. "மூணாவது மாடி. இறக்குங்கோ."

"சிவ சிவா!" என்று ஒரு கிழவர் எழுந்தே விட்டார். சுமங்கலி வாயிலிருந்து வரும் வார்த்தையா! பின்னாலிருந்து ஓர் இளைஞன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர் அவன் தொடையில் அடித்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மாமியின் கணவர் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"சிரிக்காதீங்கோ. தூக்குங்கோ."

எங்கள் கட்டிடத்துப் பையன்கள் இரண்டு பேர் தயங்கித் தயங்கி வந்தார்கள். பள்ளிக்கூட வாட்ச்மேன், தாராவியில் இருக்கும் திருநெல்வேலிக்காரர், தானாகவே வந்து பெஞ்சின் ஒரு காலைப் பிடித்தார். நாலாவது காலுக்கு ஆள் இல்லை. யாரும் வரவில்லை. எனக்குப் போய்ப் பிடிக்கத் தோன்றியது. மேடையிலிருந்து சாஹிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பாங்குக்காரரின் பெரிய பையன். மாமியைத் தன் வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொன்னவன். அவளை அடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன்.

அவன் குனிந்து நாலாவது காலைப் பிடித்தான். "எனக்குத் தெரியும் எப்படித் தூக்கணும்னு," என்றான்.

தூக்கினார்கள். நேரான பகுதியில் தோளும் முழங்கையும் கோட்டைத் தாண்டிக்கொண்டே போயின. திருப்பத்தில் பெஞ்சு நின்றுவிட்டது. முன்னால் இருந்தவர்கள் இடம் போதாமல் வெளியே கால் வைத்தார்கள்.

"அங்கே சுவர்," என்றான் அவன். "அங்கே கால் வைக்க முடியாது."

"யம்மா, தலைய நேரா வையிங்க, நழுவுது," என்றார் வாட்ச்மேன். முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். "இது திரும்பாதுய்யா. நட்டமா நிறுத்துனாத்தான் திரும்பும்."

"ஆமாம்," என்றான் அவன். "அப்பாவை அங்கேதான் நிமித்தினோம். அங்கேதான் தலை சுவத்துல மோதித்து."

பெஞ்சை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து கோட்டின்மேல் கையை வைத்துக்கொண்டான். புரொபசர் மொழிபெயர்ப்பதை நிறுத்தியிருந்தார். அதிகாரிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

மாமி பெஞ்சில் எழுந்து உட்கார்ந்தாள். அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டாள். "பொணம் மட்டுந்தான் படுத்துண்டு எறங்குமா? இடுப்பு வலி எடுத்தவ எப்படி எறங்குவா? மாரடைச்சவனை நாக்காலியிலே உக்காத்தினா கீழே வர்றதுக்குள்ளே உசிர் இருக்குமா? பச்சையோ க்ரீமோ, அப்புறம் சண்டை போடுங்கோ."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி கேட்டாள்: "உங்காத்துல யாருக்காவது இப்படி ஆச்சா மாமி?"

மாமிக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லைபோல இருந்தது. "எங்காத்துலயா? ஒண்ணும் ஆகலையே," என்றாள். "ஏன், எனக்கு ஆனாத்தான் எனக்குத் தெரியணுமா?"

*

மறுநாள் ஆபீஸுக்குப் போகும்போதே சீட்டுக் கிழியும் என்று தயாராகத்தான் போனேன். சாஹிப் என்னைக் கூப்பிட்டுப் பிளானை மேஜையில் விரிக்கச் சொன்னார். ஹாலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படியைச் சிவப்புப் பென்சிலால் தட்டி, "சௌடா கரோ" என்றார். அகலமாக்கு.

"இடம் எங்கேருந்து சார் எடுக்கறது?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

பென்சிலைப் பிளானின்மேல் ஓட்டிக்கொண்டே போனார். பிறகு கட்டிடத்தின் பின்பக்கத்தில் ஓரிடத்தில் சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டார்.

அது பின்படி. பம்பாயின் பழைய கட்டிடங்களில் சமையலறைக்குப் பின்னால் இரும்பில் ஒரு சுருள்படி இருக்கும். கக்கூஸ் கழுவுகிற, குப்பை எடுக்கிற ஜமாதார்ணி அதில்தான் ஏறி வருவாள். அதிலேயே இறங்கிப் போவாள். முன்படியில் அவளை யாரும் பார்த்ததில்லை. வார்டு ஆபீஸ் விதிகள் வெளிவந்தபோது அதிலும் அப்படியே இருந்தது: முன்படி இன்ன அகலத்துக்குக் குறையக் கூடாது, பின்படி கட்டாயமில்லை. முதல் பாதியைத்தான் எல்லாரும் படித்தார்கள். மாமியும்தான். சபாக் காரியதரிசி மாமிக்கு ரோஜா மாலை வாங்கி வந்தார். பாங்குக்காரரின் மனைவி தன் பையனை அனுப்பி, மாமியை வீட்டுக்கு அழைத்துப் போய் வெற்றிலை பாக்கு கொடுத்தாள். மாதுங்காவில் 'அந்த வாய்' என்பதைக் கொஞ்ச நாள் பெருமையாகச் சொன்னார்கள்.

கட்டிடம் முடிந்தது. வர்ணம் க்ரீம். புதுப் படியில் மூன்று பேர் கைகோத்து ஏறலாம். குடி புகுந்தோம், மாமி அங்கேயும் எங்களுக்கு எதிர் வீடுதான், இரண்டாவது மாடி.

மறுநாள் காலை வாசல் மணி அடித்தது. அக்கா கதவைத் திறந்தாள். ஜமாதார்ணி கையில் வாளியும் துடைப்பமுமாக நின்றாள். அவளுக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பின்னால் வழி இல்லை என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை; கட்டிடத்தை இரண்டு முறை சுற்றி வந்து தேடிவிட்டு ஏறியிருக்கிறாள். கக்கூஸுக்குப் போக வேண்டுமானால் ஹால் வழியாக, சுவாமி படங்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அக்கா இரண்டடி பின்னால் போய்விட்டாள். மேலும் கீழும் கதவுகள் திறக்கிற சத்தம், "அய்யய்யோ" என்ற குரல்கள். எதிர் வீட்டில் மாமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் வாயைப் பார்த்தேன். அது திறந்திருந்தது, ஒரு வார்த்தையும் வரவில்லை. அவளை அப்படி நான் பார்த்ததே கிடையாது. பின்னாலிருந்து அவள் கணவர் வந்து கதவை முழுசாகத் திறந்து, ஜமாதார்ணியைப் பார்த்து, "ஆவோ" என்றார், வா என்று. மாமி அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அவர் யாரென்று புதிதாகத் தெரிந்துகொண்டவள்போல் பார்த்தாள்.

அந்த வாரமே மாமி வீட்டு ஹாலில் கட்டிடமே கூடியது. சபாக் காரியதரிசிதான் பேசினார். "மாமி, நீங்க சொன்னா வார்டு ஆபீஸ்ல கேப்பா. பின்னாலே ஒரு இரும்புப் படி வெச்சுக் குடுக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம். பாத்ரூம் சுவத்துல ஒரு கதவு. அவ்வளவுதான்."

மாமி பதில் சொல்லாமல் பேனாவையும் காகிதத்தையும் எடுத்து வந்தாள். மேலே மரியாதை வாசகங்களை எழுதினாள். பிறகு நிமிர்ந்தாள். "காரணம் என்னன்னு எழுதணும்?"

"சுத்தம்," என்றார் ஒருவர்.

"நம்மாத்து கக்கூஸைச் சுத்தம் பண்ண வர்றவ. அவ வந்தா அசுத்தம்னு எழுதணுமா?"

"குழந்தைகள் விளையாடற இடம்..."

"குழந்தைகளை அவ என்ன பண்ணினா?"

"வாளி. நாத்தம்."

"அது நம்முது. வேற?"

காரணம் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. மாமி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பேனா காகிதத்தில் தயாராக நின்றது.

"சொல்லுங்கோ. யாராவது வாய்விட்டுச் சொல்லுங்கோ, எழுதிடறேன்," என்றாள். பிறகு குரல் தணிந்தது. "நான் சொல்வேன்னு நினைச்சுண்டு வந்திருக்கேள். நாலு நாளா நானும் சொல்லிப் பாக்கறேன். தனியா நின்னுண்டு, சமையல் உள்ளுல. வரமாட்டேங்கறது. மனசுல இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். உங்களுக்கெல்லாம் இருக்கற மாதிரி எனக்கும் இருக்கு. ஆனா வாயால சொல்ல முடியாத ஒண்ணை எப்படி எழுதறது?"

காரியதரிசி எழுந்து மேல்துண்டை உதறிக்கொண்டார். ஒவ்வொருவராகப் போனார்கள். மாமிக்கு வாங்கிய மாலையை நினைத்து அவர் நொந்துகொண்டது படிக்கட்டில் கேட்டது. விண்ணப்பம் போகவில்லை. அதற்குப் பதிலாக ஜனங்கள் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். ஜமாதார்ணி வரும் வேளையில் யாரும் படியில் இறங்கமாட்டார்கள். கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் நின்றுகொள்வார்கள்.

மாமி கோயிலுக்குக் கிளம்புவதும் அதே வேளைதான். ஒருநாள் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதென்று நான் அவள் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தேன். அவள் கையில் தட்டில் பூவும் தேங்காயும். திருப்பத்தில் ஜமாதார்ணி ஏறி வந்தாள். எங்களைப் பார்த்ததும் வாளியைப் பின்னால் மறைத்து, சுவரோடு சுவராக ஒட்டி, முகத்தையும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அத்தனை அகலமான படியில் அவள் எடுத்துக்கொண்டது ஒரு கையளவு இடம்.

மாமி நின்றாள். நான் ஒரு படி மேலே நின்றேன். அவள் நகர்ந்து போகவில்லை. அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"ஸீதா சலோ," என்றாள் தன் பாலக்காட்டு ஹிந்தியில். குரல் இன்னும் கரகரத்திருந்தது. "நேரா ஏறு. ஜகா ஹை. இடம் இருக்கு."

ஜமாதார்ணி திரும்பவில்லை. தன்னிடம் சொல்கிறாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மாமி மறுபடி சொன்னாள். அப்போதுதான் அவள் மெதுவாகத் திரும்பி, பயந்துபோய் மாமியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். இருவரும் ஒருவரை ஒருவர் கடந்தபோது புடவையும் புடவையும் உரசின.

மாமி இன்னும் சில படி இறங்கினாள். பிறகு நின்று, திரும்பி, என்னைத் தாண்டி மேலே ஏறிப் போனாள். அவள் வீட்டுக் கதவு மூடியது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

நான் ஏன் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. ரெயில் போயிருக்கும். மாமி ஈரத் தலையோடு, வேறு புடவையில், அதே தட்டோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்ன பாக்கறே? குளிச்சேன்," என்றாள். "அவளை நேரா ஏறுன்னு சொன்னதும் நான்தான். ஓடிப் போய்க் குளிச்சதும் நான்தான். ரெண்டும் நெஜம். போ, ஆபீஸுக்கு நாழியாறது."

அவள் நேரத்தை மாற்றவில்லை. மறுநாளும் அதே வேளைக்குக் கிளம்பினாள், அதற்கு மறுநாளும். திருப்பத்தில் அந்தக் கரகரத்த குரல் கேட்கும்: "ஸீதா சலோ." கொஞ்ச நாளில் அதுவும் கேட்கவில்லை; சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருக்க வேண்டும். பிறகு எனக்குப் புறநகரில், முலுண்டில், வீடு கிடைத்து அக்கா வீட்டிலிருந்து போய்விட்டேன்.

அந்த நாட்களிலெல்லாம் அவள் திரும்பி ஏறிப் போய்க் குளித்தாளா, இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அதற்குப் பிறகு "நீ?" என்று என்னைக் கேட்டிருப்பாள்.